கொல்லாத மாத்திரை

அன்புள்ள அத்திப்பட்டு நண்பருக்கு,

சிஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய்க்காக உங்கள் அண்ணி இமாடினிப் மாத்திரை சாப்பிட்டு வருவதை எழுதியிருந்தீர்கள். "ரத்தம் சீராகிவிட்டதே, இனியும் எதற்காக கும்மிடிப்பூண்டி வண்டியில் சென்னைக்கு வந்து மாத்திரை வாங்க வேண்டும்?" என்கிறாராம். நியாயமான கேள்வி. அந்த மாத்திரை எதையும் நேரடியாகக் கொல்வதில்லை என்பதில்தான் பதில் இருக்கிறது.

பழுதான செல் தானே செத்துப்போக நம் உடலில் ஏற்பாடு உண்டு. கேஸ்பேஸ் என்ற நொதிகள் செல்லுக்குள் செயலற்றுக் கிடக்கும். செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிந்தால் அவை விழித்து, செல்லின் புரதங்களைத் துண்டுபோடும். சிதறும் உருண்டைகளைப் பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும். வீக்கமில்லை, சீழில்லை.

சிஎம்எல்லில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம்மாறி ஒட்டிக்கொள்ள, பிசிஆர்-ஏபிள் என்ற கைனேஸ் நொதி உருவாகிறது. இயல்பான கைனேஸ் தேவைப்படும்போது மட்டும் வேலை செய்யும்; இதற்கு ஓய்வே கிடையாது. ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து மற்ற புரதங்களில் ஒட்டியபடி, பெருகு, சாகாதே என்று ஓயாமல் ஏவுகிறது. மைட்டோகாண்ட்ரியாவைக் கசியவிடாத புரதங்கள் மிகுந்துவிடுகின்றன. அனல்மின் நிலையத்துக்காரரான உங்களுக்குச் சொல்வது சுலபம்: ட்ரிப் ஆகவேண்டிய யூனிட்டின் ரிலேயை யாரோ பைபாஸ் செய்துவிட்டார்கள்.

ஏடிபி உட்காரும் குழியில் இமாடினிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஏவல் நின்றதும் கேஸ்பேஸ்கள் தம் வேலையைப் பார்க்கின்றன. ஆனால் அந்த நொதியை உண்டாக்கும் மரபணு அழியவில்லை. அதைச் சுமக்கும் எலும்பு மஜ்ஜை மூலச்செல்கள் சில, மாத்திரைக்கும் மசியாமல் உயிரோடு இருக்கும்; மாத்திரையை நிறுத்தினால் அவை மீண்டும் பெருகலாம்.

மாத்திரை வாங்குவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இமாடினிப்புக்கு நோவார்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னை காப்புரிமை அலுவலகம்தான் 2006இல் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2013 ஏப்ரல் 1இல் நிறுவனம் தோற்றது. மாதம் லட்சம் ரூபாயைத் தாண்டிய மருந்தின் உள்நாட்டுத் தயாரிப்பு பத்தாயிரத்துக்குள் கிடைத்துவந்தது. தீர்ப்பு மாறியிருந்தால் உங்கள் அண்ணி வேறு கேள்விதான் கேட்டிருப்பார்.

பல ஆண்டுகள் மரபணுச் சோதனையில் நோயின் சுவடே இல்லாத சிலருக்கு, மருத்துவர்களே மாத்திரையை நிறுத்தி, அடிக்கடி சோதித்துப் பார்ப்பதுண்டு. அவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் திரும்பியிருக்கிறது; பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள். ஆகவே உங்கள் அண்ணி தானாக ஒருநாளும் மாத்திரையை விட வேண்டாம். அடுத்தமுறை போகும்போது, ரத்த அணுக்களின் எண்ணிக்கையோடு பிசிஆர்-ஏபிள் அளவையும் டாக்டரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்