மஞ்சள் மேட்டுக்கு மருந்து

சிரஞ்சீவி கதிரேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நச்சேறிய தொழிற்சாலை நிலத்தையும் அதன் அடியில் ஓடும் நீரையும் சுத்தி செய்ய உலகில் எத்தனை முறைகள் உண்டோ அத்தனையையும் ஒரு அட்டவணையில் அடக்கி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, முதலாவதாக வருவதைச் சிபாரிசு செய்யும்படி உன் மேலதிகாரி பணித்திருக்கிறார் என்றும், எந்த முறைக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம் என்று நான் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். மதிப்பெண் போடுவதைச் சற்று ஒத்திவை. விஷம் எங்கே கிடக்கிறது, எந்த உருவில் கிடக்கிறது, எந்த வழியாக நகர்கிறது, அந்த வழியில் யாருடைய கிணறு இருக்கிறது என்பவை தெரியாதவரையில், ஒரு முறையை உயர்ந்தது என்பதும் மற்றொன்றைத் தாழ்ந்தது என்பதும் வெறும் வார்த்தைகளே. பொதுவாகப் பேசினால் இது விளங்காது. ராணிப்பேட்டையை வைத்துக்கொண்டு பேசுவோம்.

ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில், தோல் பதனிடும் ஆலைகளுக்கு வேண்டிய குரோமிய உப்புக்களைத் தயாரித்துவந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டபோது, அது தன் மனையிலேயே குவித்துவிட்டுப் போன கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்டது. குரோமைட் என்னும் தாதுவைச் சோடா உப்பும் சுண்ணாம்பும் கூட்டிச் சூளையில் வறுத்து, நீரில் கரையும் குரோமேட்டை வடித்துக்கொண்ட பின் மிஞ்சும் சக்கை அது. எவ்வளவு திறமையாக வடித்தாலும் கொஞ்சம் குரோமேட் சக்கைக்குள்ளேயே தங்கிவிடுகிறது, ஒவ்வொரு மழையும் அதில் சிறிது பங்கைக் கரைத்துக் கீழே இறக்குகிறது. அத்தகைய மேட்டின் அடிவாரத்தில் தேங்கும் நீர் மஞ்சள் நிறம் கொள்ளும். கோடையில் அது வற்றினால் மண்ணின்மீது மஞ்சள் பொருக்காகப் பூக்கும். அந்த நீரில் கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்து, சில சொட்டுக் கந்தக அமிலம் விட்டு, டைஃபினைல் கார்பஸைடு கரைசலைச் சேர்த்துப் பார். மஞ்சள் மறைந்து, செவ்வூதா நிறம் குப்பென்று எழும். கண்ணுக்கு மஞ்சள் தெரியாத நீரிலும் இந்தச் சோதனை நிறம் காட்டும். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு நம் நாட்டுத் தர நிர்ணயம் வகுத்த எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், ஆகையால் கிணற்று நீர் ஸ்படிகம்போல் இருக்கிறது என்று ஊரார் சொல்வதை ஆதாரமாகக் கொள்ளாதே.

குரோமியத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஹெக்ஸாவேலன்ட் என்று நூல்கள் கூறுவதை நாம் மஞ்சள் குரோமியம் என்போம். அது நீரில் தாராளமாகக் கரையும், காரத்தன்மையுள்ள மண்ணில் எதனோடும் ஒட்டாமல் நீரோடு நீராகப் பயணம் செய்யும், புற்றுநோயை விளைவிக்கும் வன்மையும் அதற்கு உண்டு. ட்ரைவேலன்ட் என்பது பச்சைக் குரோமியம். அது பெரும்பாலும் கரையாமல், வீழ்படிவாக மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், நச்சுத்தன்மையும் மிகக் குறைவு. நச்சு எண்ணெயாகவோ கரைப்பானாகவோ இருந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடக்கூடும். இதுவோ உலோகம், எரித்தாலும் அழியாது. எனவே உன் அட்டவணையில் உள்ள நீண்ட பெயர்களையெல்லாம் உரித்துப் பார்த்தால், மஞ்சளைப் பச்சையாக மாற்றுவது, அல்லது அது நகராமல் தடுப்பது, அல்லது அள்ளிக்கொண்டுபோய் வேறிடத்தில் வைப்பது என்ற மூன்று காரியங்களுக்குமேல் ஒன்றும் இல்லை.

முதலில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை, போர் போட்டு நீரை இறைத்து, மேலே கொண்டுவந்து சுத்திகரிப்பது. இறைத்த நீரில் நம் நாட்டு மருந்துக் கடைகளும் அறிந்த அன்னபேதியைக் கரைத்தால், அதிலுள்ள இரும்பு மஞ்சள் குரோமியத்தைப் பச்சையாக்கிவிடும். சுண்ணாம்பு சேர்த்தால் அது சேறாகக் கீழே படியும். மேலே நிற்கும் நீரை வடித்துக்கொள்ளலாம், சேற்றுக்குத் தனியே ஒரு கிடங்கு வேண்டும். சாயம் கெட்டியாகப் பிடிக்காத புதுப் புடவையை அலசுகிறவள் கண்ட அனுபவந்தான் இங்கேயும் நேரும்: முதல் அலசலில் நீர் கருஞ்சிவப்பாக வரும், நாலாவது அலசலில் தெளிந்ததுபோல் இருக்கும், ஓர் இரவு ஊறவைத்துவிட்டுப் பார்த்தால் மறுபடியும் வாளி சிவந்திருக்கும். பாறை வெடிப்புக்களிலும் களிமண்ணின் நுண்ணிய துளைகளிலும் புகுந்துவிட்ட குரோமேட், மோட்டார் ஓடும்போது வெளிவராமல் அடங்கியிருந்து, நிறுத்தியபின் மெல்லக் கசிந்து திரும்புகிறது. அதற்கும் மேலாக, மேடு அப்படியே நிற்கும்போது கீழே இறைத்துக்கொண்டிருப்பவனுக்கு அந்த வேலை பரம்பரைச் சொத்தாகிவிடும். ஆனாலும் இறைப்பை நான் தள்ளிவிடமாட்டேன்; சுத்தி செய்வதற்கு அது மந்தமான கருவியானாலும், நச்சு நீர் அருகே ஓடும் பாலாற்றின் மணலை எட்டாதவாறு தன்பக்கம் இழுத்துப் பிடித்துவைப்பதற்கு அதைப்போல் உடனடியாகக் கைகொடுப்பது வேறில்லை.

அமெரிக்காவில் வட கரோலினாவைச் சேர்ந்த எலிஸபெத் சிட்டியில் கடலோரக் காவற்படைக்கு ஒரு தளம் உண்டு. அங்கிருந்த குரோமிய முலாம் பூசும் பட்டறையிலிருந்து கசிந்த குரோமேட்டும், ட்ரைக்ளோரோஎதிலீன் என்ற கரைப்பானும் கலந்த நிலத்தடி நீர், பாஸ்குவோடாங்க் நதியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. 1996-ஆம் ஆண்டில் அதன் குறுக்கே 46 மீட்டர் நீளமும், 7.3 மீட்டர் ஆழமும், 0.6 மீட்டர் அகலமும் கொண்ட அகழி ஒன்றை வெட்டி, அதை இரும்புத் துகள்களால் நிரப்பினார்கள். நீரை அவர்கள் இறைக்கவில்லை, தடுக்கவும் இல்லை. அது தன் போக்கில் இரும்பினூடே புகுந்து மறுபுறம் வெளியேறுகையில், மஞ்சள் குரோமியம் பச்சையாகி இரும்போடு தங்கிவிடுகிறது. மோட்டார் இல்லை, மின்சாரக் கட்டணம் இல்லை. 15 ஆண்டுகளுக்குப் பிறகு சோதித்தபோதும் அந்தச் சுவர் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. இதைப் படித்த எந்த இளைஞனுக்கும் ராணிப்பேட்டைக்கும் இப்படி ஒரு சுவர் வேண்டும் என்று தோன்றும். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அவர்களுடைய பூமி கடலோர மணற்பூமி, அகழி வெட்டலாம், நீர் எந்த ஆழத்தில் எந்தத் திசையில் போகிறதென்று ஏறக்குறைய உறுதியாகக் கூறலாம். நம்முடையதோ மேலே சிதைந்த மண்ணும் கீழே வெடித்த கருங்கற்பாறையும்; சுவரின் அடியில் ஒரு வெடிப்பு இருந்தால் நீர் சுவரை வணங்கிவிட்டு அவ்வழியே போய்விடும்.

கலிபோர்னியாவின் ஹிங்க்லியில் கதை வேறு. எரிவாயுக் குழாய்களுக்கான அழுத்த நிலையம் ஒன்றின் குளிர்விப்புக் கோபுரங்களில் துருப்பிடிக்காமலிருக்கக் குரோமேட் கலந்து, அந்த நீரை 1952 முதல் 1966 வரை அடித்தளம் பூசாத குட்டைகளில் விட்டார்கள். ஏறக்குறைய 140 கோடி லிட்டர். பிற்காலத்தில் அங்கே நிலத்துக்குள் எத்தனாலைச் செலுத்தி, அதை உண்டு பெருகும் நுண்ணுயிர்களைக்கொண்டு மஞ்சளைப் பச்சையாக்கினார்கள். நச்சு நீரைக் குதிரைமசால் வயல்களுக்குப் பாய்ச்சி, வேர்ப்பகுதி மண்ணிலேயே அது உருமாறும்படியும் செய்தார்கள். அழகான உபாயம், ஆனால் பிராணவாயு குறைந்த அந்த நிலத்தில் மண்ணிலிருந்த மாங்கனீஸும் ஆர்ஸெனிக்கும் கரைந்து கிளம்பியதையும் கவனிக்கவேண்டி வந்தது. பச்சையாக்கிவிட்டோம் என்று நிம்மதியடைவதற்கும் இல்லை. மண்ணில் உள்ள மாங்கனீஸ் ஆக்ஸைடுகள் பச்சையைத் திரும்பவும் மஞ்சளாக்க வல்லவை என்று பார்ட்லெட், ஜேம்ஸ் என்ற இருவர் 1979-லேயே காட்டிவிட்டார்கள்.

இனி மேட்டுக்கு வருவோம், மற்றவையெல்லாம் அதன் நிழலே. அதன்மேல் அன்னபேதியைக் கரைத்து ஊற்றிவிடலாமே என்று கேட்பாய். சக்கை சுண்ணாம்பினால் கடுங்காரமாக இருக்கிறது; துகளுக்குள் புகுமுன்பே இரும்பு வெளியில் படிந்து வீணாகும், உள்ளிருக்கும் குரோமேட் அப்படியே இருக்கும்; அன்னபேதியின் ஸல்பேட்டோ சுண்ணாம்போடும் அலுமினாவோடும் கூடி எட்ரிங்கைட் என்னும் படிகமாக வளர்ந்து, நிலத்தையே உப்பவைக்கும். அள்ளிக்கொண்டு போகலாமா? நியூ ஜெர்ஸியின் ஜெர்ஸி சிட்டியில் இதே ஜாதிச் சக்கையைத் தோண்டி அகற்றும்படி 2003-இல் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, லட்சக்கணக்கான டன்களை அள்ளி வேறிடத்துக் கிடங்குகளுக்கு அனுப்பினார்கள். அந்த மண் சுத்தமாயிற்று; சக்கை எங்கோ ஒரு கிடங்கில் இன்னும் சக்கையாகவே இருக்கிறது. நம் நாட்டில் அவ்வளவையும் லாரியில் ஏற்றினால், வழியெல்லாம் பறக்கும் தூசிக்கும், ஏற்றி இறக்கும் கூலியாளின் மூக்குக்கும் யார் பொறுப்பு என்பதை மதிப்பெண் போடுகிறவர்கள் கேட்பதில்லை. களிமண்ணும் தடித்த பாலிதீன் விரிப்பும் போட்டு மூடிவிடுவது மலிவானது, மழையைத் தடுப்பது. ஆனால் ஒவ்வோராண்டும் பொத்தல் பார்த்து, வடிகால் தூர்வாரி, சுற்றுக் கிணறுகளைச் சோதிக்க ஓர் ஆள் எக்காலமும் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு நிதியும் வேண்டும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், மேட்டை முதலில் மூடி, மழைநீரைச் சுற்றுக் கால்வாயால் திருப்பி, நச்சு நீரைச் சில போர்களால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிறகு மேட்டைப் பகுதி பகுதியாக எடுத்து அமிலமும் குறைப்பானும் சேர்த்து அரைத்துப் பக்குவப்படுத்துவதைப்பற்றி யோசிப்பேன். பரிபூரணமான முறைக்காகக் காத்திருக்கையில் பெய்யும் ஒவ்வொரு பருவமழையும் இன்னும் கொஞ்சம் மஞ்சளைக் கீழே இறக்கத்தான் செய்யும்.

எவ்வளவு சுத்தம் போதும் என்ற கேள்வியை உன் அட்டவணை மறந்தே போயிருக்கிறது. 2001-இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரச மண்ணை அலசி, நச்சேறிய நுண்துகளைப் பிரித்துச் சூடேற்றிப் பாதரசத்தை ஆவியாக்கும் முறையில் பெரிய தகராறு எழவில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் மிஞ்சலாம் என்ற எல்லையில்தான் வழக்காடினார்கள். கீழே பாம்பாறு சோலை இருக்க, அந்த எண் காட்டுக்கும் மீனுக்கும் பொருந்துமா என்று கேட்டவர்கள் வீண்வாதம் செய்யவில்லை. அந்த எண் மாறினால் செலவும் முறையும் காலமும் மாறிவிடும். ஆகவே அதை முதல் பக்கத்திலேயே எழுது.

அடுத்த கடிதத்தில் மதிப்பெண்களை அனுப்பாதே. போர் போட்டபோது எந்த ஆழத்தில் மண் முடிந்து பாறை தொடங்கியது, கோடையிலும் ஐப்பசியிலும் நீர்மட்டம் எவ்வளவு, மாதிரி எடுக்குமுன் மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டினார்கள், மாதிரியை வடிகட்டினார்களா இல்லையா, மேட்டுக்குக் கிழக்கே உள்ள வீட்டுக் கிணறுகளில் எவை இன்னும் குடிக்கப் பயன்படுகின்றன என்பவற்றை எழுதி அனுப்பு. நீர்மட்டக் கோடுகள் வரைந்த படம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு. மங்கலான பிரதி வேண்டாம், எண்கள் வாசிக்கத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா