கயித்துக்கு வழி விடுங்க

மாப்பிள்ளை, மகளையும் இரண்டு வாண்டுகளையும் கூட்டிக்கொண்டு மரக்காணத்திலிருந்து மணப்பாடு வரை கரையோரமாகவே கூடாரம் போட்டுப் போகப்போவதாகச் சொன்னாய். நானும் உன் அத்தையும் மூன்று தடவை போன வழி. நீ கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

1. பொங்கல் கழிந்து கிளம்பு, பங்குனி முடியுமுன் திரும்பிவிடு. ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். ஆனி, ஆடியில் தெற்கே கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும். ஒரு கவளம் சோறு மண் இல்லாமல் வாய்க்குப் போகாது.

2. நாளுக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதே. நாலு நாளுக்கு ஒரு நாள் நகராமல் இரு: துணி அலச, தூங்க, சண்டையைத் தீர்த்துக்கொள்ள. சண்டை கட்டாயம் வரும். தீப்பெட்டியை நனையவிட்டது யார் என்பதில் நாங்கள் தொண்டி வரை பேசிக்கொள்ளவில்லை.

3. முளை அடிக்குமுன் ஊரில் கேள். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதே. சும்மா கிடக்கிறது என்று நீ நினைக்கும் மணல்தான் மீனவர்களுக்கு வலை உலர்த்தும் இடம், படகு ஏற்றும் இடம், கருவாடு காயும் களம். முதல் தடவை வாலிநோக்கம் தாண்டி ஓர் ஊருக்கு இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம். யாரையும் கேட்கவில்லை. விடியுமுன் பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், கூடாரத்தைச் சுற்றி இருபது பேர். கரைவலை இழுக்க வந்தவர்கள். வலை கடலில் கிடக்க, அதன் ஒரு பக்கக் கயிறு நேராக எங்கள் வாசலுக்கு வருகிறது. தலையில் துண்டு கட்டிய பெரியவர் ஒருவர், “தம்பி, கயித்துக்கு வழி விடுங்க” என்றார். “பிள்ளை தூங்குதுண்ணே” என்றாள் உன் அத்தை. அவர் கையைக் காட்டினார். நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து, பிள்ளையோடு கூடாரத்தை அப்படியே தூக்கி முப்பது அடி தள்ளி வைத்தார்கள். அவன் புரண்டுகூடப் படுக்கவில்லை. அன்றிலிருந்து, காலையில் வலை எந்தப் பக்கம் ஏறும் என்று கேட்ட பிறகுதான் பையை இறக்குவேன்.

கோடியக்கரை சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்க நினைக்காதே. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இருட்டுமுன் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடலோரக் காவல்துறையின் எண் 1093. போனில் போட்டு வை.

4. அடப்பங்கொடி படர்ந்திருக்கும் இடம் தெரியுமா? ஊதாப் பூ பூக்கும், ஆட்டுக்குளம்பு போல இலை. அலை வழக்கமாக வந்து போகும் இடத்தில் அது நிலைக்காது. கொடிக்கு மேல்பக்கம் கூடாரம் போடு. பௌர்ணமி, அமாவாசை என்றால் இன்னும் தள்ளிப் போடு. மணலில் இரும்பு முளை நிற்காது. நாலு உரச்சாக்கு கொண்டு போ. மணல் நிரப்பிக் கயிறு கட்டி முழங்கை ஆழத்தில் புதை. காற்று என்ன செய்யும் பார்க்கலாம்.

5. வாடை அடங்கிய நாளில் தொண்டி, மீமிசல் பக்கம் கடல் குளம் மாதிரி இருக்கும். பிள்ளைகளை அங்கே விளையாட விடு. ஆனால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடக்கச் சொல். சேற்றில் திருக்கை படுத்திருந்தால் விலகிப் போய்விடும். மிதித்து முள் குத்தினால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. அலை அடிக்கும் கரையில் நீர் உள்ளே இழுத்தால் கரையைப் பார்த்து முட்டி மோதாதே. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வா. மகளுக்கும் சொல்லிக் கொடு.

6. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும். ராத்திரியில் டார்ச்சைக் கடல் பக்கம் அடிக்காதே. ஆமை ஏறினால் பிள்ளைகளை எழுப்பு, போனை எடுக்காதே.

7. 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு எப்போதும் நிறைந்திருக்கட்டும். உப்பு ஏறினால் ஜிப் இறுகிவிடும், மெழுகுவர்த்தியைத் தேய்.

8. திரும்பியதும் கூடாரத்தை மொட்டை மாடியில் உதறு. நான் கூடத்தில் உதறினேன். கட்டில் காலடியில் மணல் தட்டுப்படும்போதெல்லாம் உன் அத்தை இன்னும் என்னைத்தான் பார்க்கிறாள்.