கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சையும் நம் கொல்லை மிளகும்



தமிழ்நாட்டில் ஒரு கூட்டத்துக்குச் சென்றிருந்தபோது, இரண்டு நாட்களை ஒதுக்கித் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து வந்தேன். நாவலப்பிட்டியிலிருந்து போகிறவனுக்கு அது அந்நிய இடமாகத் தோன்றாது. மேற்கே கேரளத்தைப் பிரிக்கும் மலைத்தொடர். கிழக்கே மேகமலை, அதன் மேலே தேயிலைத் தோட்டங்கள். கீழே நெல், வாழை, தென்னை. ஆனால் சுருளிப்பட்டி, கூடலூர், காமயகவுண்டன்பட்டிப் பக்கம் போனால் நாம் காணாத ஒன்று கண்ணில் படும். கல்தூண்களை நட்டு, கம்பியை இழுத்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே திராட்சைக் கொடியைப் படர விட்டிருக்கிறார்கள். நடுப்பகலிலும் பந்தலுக்குள் நிழல்தான்.

அந்தப் பழத்துக்குப் பன்னீர் திராட்சை என்று பெயர். 1832இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் அங்கே கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொடியை வெட்டிவிடுவதை அங்கே கவாத்து என்கிறார்கள். தேயிலையில் நாம் கவ்வாத்து என்பதும் இதே சொல்தான். கவாத்துச் செய்த ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் பறிக்கலாம். ஒருவர் இந்த மாதம் வெட்டினால் அடுத்த தோட்டக்காரர் அடுத்த மாதம் வெட்டுகிறார். அதனால் ஆண்டு முழுவதும் பள்ளத்தாக்கின் ஏதோ ஒரு மூலையில் பழம் இருக்கிறது.

இதற்கெல்லாம் ஆதாரம் தண்ணீர். மேற்கே ஓடிக் கடலில் சேர்ந்த பெரியாற்று நீரை, 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை மறித்தது. மலையைக் குடைந்த சுரங்கவழி இந்தப் பக்கம் திருப்பியது. அணையைக் கட்டிய பென்னிகுயிக் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளரின் படம் அங்கே வீடுகளில் தொங்குகிறது. அவர் பிறந்த ஜனவரி 15ஐப் பொங்கலோடு சேர்த்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அப்போது கொத்மலைதான் நினைவுக்கு வந்தது. 1985இல் அந்த நீர்த்தேக்கம் நிறைந்தபோது வயலையும் வீட்டையும் இழந்தவர்கள் எவர் படத்தையும் மாட்டவில்லை. அணை ஒன்றுதான், எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதே வேறு.

இவ்வளவு செழிப்பைப் பார்த்துவிட்டு, விவசாயிகள் மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று நினைத்தேன். பந்தலடியில் பேசிக்கொண்டிருந்தபோது வேறு கதை வந்தது. பழுத்த பழம் காத்திருக்காது. தோல் மெல்லியது. அந்த நேரத்தில் மழை பெய்தால் வெடித்து அழுகும். வியாபாரி தோட்டத்துக்கு வந்து ஒரு விலை சொல்கிறார். அது கட்டுப்படியாகாவிட்டாலும் கொடுத்தே ஆகவேண்டும். நாளைக்கு என்று சொல்ல வழியில்லை.

சுருளி அருவிக்கு மேலே குகைகள் இருக்கின்றன. கைலாசநாதர் குகைக் கோயிலுக்கு மக்கள் ஏறிப் போகிறார்கள். அதைப் பார்த்தபோது ஹங்கேரி நாட்டின் டோக்காய் பிரதேசத்தைப் பற்றி வாசித்தது நினைவுக்கு வந்தது. அங்கும் மலையும் திராட்சையும்தான். குளிர்நாடானதால் ஆண்டுக்கு ஒரே அறுவடை. நம் கணக்கில் அவர்கள் கம்பத்து விவசாயியைவிட வறியவர்களாக இருக்கவேண்டும். ஆனால் எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறையை அவர்களுடைய முன்னோர் குடைந்து நிலவறைகள் செய்து வைத்தார்கள். வெளியே வெயிலானாலும் பனியானாலும் உள்ளே ஒரே குளிர்ச்சி. பழம் ரசமாகி அங்கே வருடக்கணக்கில் இருக்கும். கொடியிலேயே சுருங்கிப் பூஞ்சணம் பிடித்த பழத்தில்தான் அவர்களுடைய பெயர்பெற்ற இனிப்பு ரசத்தைச் செய்கிறார்கள் என்பது இன்னொரு விந்தை. டோக்காய் 2002இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அந்த நிலவறை விவசாயிக்குக் கொடுத்தது காத்திருக்கும் பலம்.

இனி நம் கொல்லைக்கு வருவோம். நாவலப்பிட்டி மழையில் திராட்சை நட்டுப் பணத்தைத் தொலைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்து வெயிலுக்கு அது சரி, நமக்குச் சரிவராது. ஆனால் நம்மிடம் மிளகு இருக்கிறது. கல்தூண் வேண்டாம், கிளிசரிடியாக் கம்பு போதும். அதைவிட முக்கியமாக, ஒழுங்காகக் காய்ந்த மிளகு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். அதை நாம் எப்படி விற்கிறோம்? கடையில் கடன் ஏறியதும் கொடியிலேயே விலை பேசி, பச்சையாகவே கொடுத்துவிடுகிறோம். காத்திருக்கக்கூடிய பயிரை வைத்துக்கொண்டு, காத்திருக்க முடியாத திராட்சைக்காரரைப்போல விற்கிறோம். வியாபாரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

செய்முறை கடினமல்ல. ஒரு கதிரில் ஒன்றிரண்டு மணி மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறியதும் பறியுங்கள். உதிர்த்த மணிகளைக் கூடையோடு கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். சீக்கிரம் காயும், நன்றாகக் கறுக்கும். வெறும் மண்ணில் போடாமல் படங்கில் பரப்பி, நல்ல வெயிலில் நான்கைந்து நாள் காயவிடுங்கள். அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டால் புகைவாடை ஏறி விலை இறங்கும். ஏறக்குறைய மூன்று கிலோ பச்சை மிளகு ஒரு கிலோ காய்ந்த மிளகாகும்.

“இந்த இடத்தில் எத்தனை காலம் இருப்போமோ, மூன்று வருடம் கழித்துக் காய்க்கிற கொடியை நட்டு என்ன பலன்?” என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். ஒருமுறையல்ல, இருமுறை எழுப்பப்பட்டவர்களின் கேள்வி இது. இதை நான் லேசாக எடுக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் பற்றை மிளகு வளர்க்கலாம். ஏறுகொடியை விட்டுவிட்டு, காய்க்கும் பக்கக்கிளையை வெட்டிச் சாடியில் வேர்விடச் செய்வது அது. வேர்பிடிப்பது சற்றுக் கஷ்டம். பிடித்துவிட்டால் கொடி ஏறாது, செடியாகவே நின்று சீக்கிரம் காய்க்கும். போகும்போது சாடியோடு எடுத்துப் போகலாம். ஏற்றுமதி விவசாயத் திணைக்கள உத்தியோகத்தரிடம் கேட்டால் காட்டித் தருவார்.

காத்திருக்கும் இரண்டு மாதத்துக்கு அரிசிக்கு என்ன வழி என்பதுதான் மீதியான கேள்வி. பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு படங்கும் ஒழுகாத ஓர் அறையும் வைத்து, மிளகுச் சாக்கின் மேல் சங்கக் காசில் சிறு முன்பணம் கொடுக்க முடியுமா? அடுத்த கூட்டத்துக்கு வருமுன் ஒவ்வொரு குழுவும் மூன்று கிலோ பச்சை மிளகை நிறுத்துக் காயவைத்து, மறுபடி நிறுத்துப் பாருங்கள். டவுனில் குறைந்தது இரண்டு கடைகளில் பச்சைக்கும் காய்ந்ததற்கும் விலை கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சங்கத்து முன்பணம் பற்றிப் பேசுவோம்.