அம்மாச்சி கார்டில் பெயர் இருந்தால் அப்பா வருமானம் கேட்க மாட்டார்களா?

ஜூன் மாதம், கம்பத்தில் ஒரு இ-சேவை மையம். கல்லூரி உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் கேட்டு, ப்ளஸ் டூ முடித்த பேத்தியோடு ஒரு அம்மாச்சி வரிசையில் நிற்கிறார். குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகும் விடிகாலை ஜீப்பை விட்டுவிட்டு, ஒரு நாள் கூலியை இழந்து வந்திருக்கிறார். மஞ்சப்பையில் ரேஷன் கார்டு, ஆதார், மகளின் இறப்புச் சான்றிதழ். "இவ பேரு என் கார்டுலதான் இருக்கு தம்பி. அப்பன் எங்க போனான்னே தெரியல. என் வருமானத்தப் போட்டுக் குடுங்க" என்கிறார்.

கல்லூரி உதவித்தொகை பற்றி நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை இதுதான்: தனிக் கார்டு இருந்தால், பெற்றோரோடு வாழாவிட்டால், பிள்ளை தனி ஆள். ஆனால் விதி கார்டைப் பார்ப்பதில்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். தாய், தந்தை இருவரில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் பெற்றோர் வருமானம்தான் கணக்கு. இருவரும் இறந்திருந்தால் மட்டுமே, படிக்க வைக்கும் பாதுகாவலரின் வருமானம். கைவிட்டுப் போன தகப்பனுக்கு அந்த வரியில் இடமே இல்லை. இது பெரிய குறை. திருத்தப்பட வேண்டியது.

அதே விதியில் பலர் அறியாத நல்ல செய்தி ஒன்றும் உண்டு. "அண்ணன் திருப்பூர்ல சம்பாதிக்கிறான், நமக்கெல்லாம் கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிற வீடுகள் எத்தனை! அண்ணன், சித்தப்பா, தாத்தா யார் சம்பாதித்தாலும் அது கணக்கில் வராது. பெற்றோர் வருமானம் மட்டும்தான். சம்பாதித்த தகப்பன் இறந்து, அதனால் வருமானம் வரம்புக்குள் வந்துவிட்டால், அந்த மாதத்திலிருந்தே பிள்ளைக்குத் தகுதி உண்டு. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பதினெட்டு வயதாகிவிட்டது, நானே வேலை பார்த்துப் படிக்கிறேன் என்பதும் எடுபடாது. மாணவர் சம்பளமும் பெற்றோர் வருமானத்தோடு சேர்த்தே பார்க்கப்படும். அமெரிக்காவில்கூட இப்படித்தான். அங்கே 24 வயது நிறைந்தவர், திருமணமானவர், பெற்றோரை இழந்தவர் போன்றோரைத் தனி மாணவராக ஏற்கிறார்கள். சொந்தக் காலில் நிற்கிறேன் என்பது மட்டும் அங்கேயும் போதாது.

அப்படியானால் அந்த அம்மாச்சியின் பேத்திக்கு வழியே இல்லையா? இருக்கிறது. 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் தகப்பன் எங்கே, என்ன சம்பாதிக்கிறார் என்று கேட்பதில்லை. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தாளா என்பதுதான் கேள்வி. மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் பின்னால் இது விரிவானது. பையன்களுக்கு இதேபோல் 2024 ஆகஸ்ட் 9 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம். கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தால் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு. அதற்கும் வருமான வரம்பு இல்லை. வீட்டில் வேறு பட்டதாரி இல்லாதிருந்தால் போதும்.

பள்ளி வயதில் தம்பி, தங்கை இருந்தால் அன்புக் கரங்கள் திட்டத்தையும் கேளுங்கள். தாயை இழந்து, தகப்பன் விட்டுப் போன பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். இங்கே மட்டும் அந்த ஓடிப்போன தகப்பனை அரசு கணக்கில் எடுத்திருக்கிறது.

வருமானச் சான்றிதழில் அம்மாச்சி பெயரைப் போட்டுத் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் போகாதீர்கள். பொய்ச் சான்றிதழ் பிடிபட்டால் நட்டம் பிள்ளைக்குத்தான். ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம் இரண்டு அலுவலகங்களும் தேனி ஆட்சியர் அலுவலகத்திலேயே இருக்கின்றன. உள்ள நிலையை உள்ளபடி மனுவாக எழுதி, இறப்புச் சான்றிதழையும் இணைத்து, அங்கே நேரில் கொடுங்கள்.