தெரிந்தவர் வீட்டு நாய்

நாய்க்கடிக்காக எங்கள் பிரிவுக்கு வருவோரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "கடித்தது யாருடைய நாய்?" என்பதாகும். "தெருநாய்" என்று விடை சொல்பவர் பெரும்பாலும் அன்றே வந்திருப்பார். அச்சம் அவரை விரைந்து அழைத்து வந்திருக்கும். "தெரிந்தவர் வீட்டு நாய், டாக்டர். நல்ல நாய்தான்" என்று சொல்பவரோ நான்காம் நாளோ ஆறாம் நாளோ வருவார், அதுவும் புண் சீழ் வைத்த பின்னர். வராமலே இருந்துவிடுபவர்களும் உண்டு. அவர்களுள் ஒருவரைப் பற்றியே இக்கட்டுரையில் முதலில் கூற வேண்டியுள்ளது. அவர் குடும்பத்தாரின் நலன் கருதிச் சில விவரங்களை மாற்றியும் மறைத்தும் எழுதுகிறேன்.

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு நாளாகத் தண்ணீர் இறங்கவில்லை, தொண்டையில் ஏதோ அடைக்கிறது என்று வந்தார். குவளையை வாயருகே கொண்டு சென்றதும் கழுத்துத் தசைகள் இழுத்துக்கொண்டன. வியர்க்கிறதே என்று அவருடைய மனைவி முந்தானையால் விசிறினார். அந்தக் காற்றுப் பட்ட மாத்திரத்தில் மீண்டும் அதே இழுப்பு. அதைக் கண்ட மருத்துவர் எவருக்கும் வேறு பரிசோதனை வேண்டியதில்லை. நாய் ஏதும் கடித்ததா என்று கேட்டோம். இல்லை என்றார்கள். நெடுநேரம் கழித்து அவருடைய மகள் நினைவுகூர்ந்தாள்: இரண்டு மாதங்களுக்கு முன் அப்பாவின் நண்பர் ஒரு நாய்க்குட்டி கொடுத்தார். அது விளையாட்டாக அப்பாவின் விரலைக் கவ்வியது, சிறிது இரத்தம் வந்தது. பத்து நாளில் குட்டி சோறுண்ணாமல், ஒரு மூலையில் முடங்கி, இறந்துபோயிற்று. ஏதோ காய்ச்சல் என்று எண்ணி முருங்கை மரத்தடியில் புதைத்தார்கள். நண்பர் வருந்துவாரே என்று அவரிடம் கூடச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவர் காலமானார். ரேபீஸ் அறிகுறிகள் தோன்றிய பின் அதைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. வலியையும் அச்சத்தையும் தணிக்க முடிந்தது, அவ்வளவே.

ஆனால் எங்கள் வேலை அத்துடன் முடியவில்லை. அந்தக் குட்டி தனியாகப் பிறந்திருக்காதே! நண்பரை வரவழைத்தோம். அவர் நல்ல மனிதர், நாயைப் பிள்ளைபோல் வளர்த்தவர். பெட்டை நாய் ஒரே ஈற்றில் ஐந்து குட்டிகள் போட்டிருந்தது. நான்கை அலுவலகத்தாருக்கும் உறவினருக்கும் கொடுத்துவிட்டார். குட்டிகள் மூன்று வார வயதாக இருந்தபோது ஓர் இரவு வெளிநாய் ஒன்று சுற்றுச்சுவரைத் தாண்டி வந்து குட்டிகளைக் கடித்துக் குதறியதை, கேட்ட பிறகுதான் நினைவுகூர்ந்தார். தாய்க்கு எப்போது தடுப்பூசி போட்டது என்ற கேள்விக்கு விடையில்லை. வீட்டிலேயே இருக்கிற நாய்க்கு எதற்கு ஊசி என்பது அவர் கருத்து.

எங்கள் செவிலியர் அன்று மாலை முழுவதும் தொலைபேசியில் இருந்தார். ஒரு வீட்டில் குட்டி ஏற்கெனவே இறந்திருந்தது. இன்னொரு வீட்டார் தம் குட்டியைப் பராமரிக்க முடியாமல் மற்றொருவருக்குக் கொடுத்திருந்தனர், அவரைத் தேடிப் பிடிக்க மறுநாள் நண்பகலாயிற்று. எஞ்சியவை நலமாக இருந்தன. குட்டிகளோடு கொஞ்சி, கீறல் பட்டு, கைப்புண்ணை நக்கவிட்ட 14 பேருக்குச் சிகிச்சை தொடங்கினோம். அவர்களுள் இருவர் பள்ளிப் பிள்ளைகள். இரண்டு மாதம் ஆகிவிட்டதே, இனிப் பயனுண்டா என்று ஒரு தாய் கேட்டார். உண்டு. அறிகுறி தோன்றாதவரை காலம் கடந்துவிட்டது என்பதே இந்நோயில் இல்லை. அந்த 14 பேரும் நலமாக உள்ளனர்.

வைரஸ் செல்லும் வழியை அறிந்தால் இதன் காரணம் விளங்கும். நோயுற்ற நாயின் உமிழ்நீர் வழியே காயத்தில் புகும் வைரஸ், இரத்தத்தில் கலந்து விரைவதில்லை. தசையில் சிறிது காலம் தங்கி, அருகிலுள்ள நரம்பைப் பற்றிக்கொண்டு, அதன் வழியே மூளையை நோக்கி மெல்ல ஊர்கிறது. இப்பயணத்துக்கு வழக்கமாக ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்துக்குள்ளும், சிலருக்கு ஓராண்டு கடந்தும் நோய் தோன்றியதுண்டு. முகம், கழுத்து, விரல் நுனி போன்ற நரம்பு மிகுந்த இடங்களில் கடிபட்டால் காலம் குறையும். வைரஸ் நரம்பைப் பற்றுமுன் அதை அழித்துவிடுவதே சிகிச்சையின் முழு நோக்கம். மனிதருக்கு வரும் ரேபீஸில் ஏறத்தாழ 99 விழுக்காடு நாய்கள் வழியாகவே வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாய் என்ற அச்சொல்லில் குட்டியும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

நட்பின் பெயரால் நடக்கும் குட்டி வளர்ப்பு

விற்பனைக்காக நாய் இனவிருத்தி செய்வோருக்கு நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டை நாய் 18 மாத வயதைக் கடந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் குட்டி போடச் செய்யலாகாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. இவ்விதிகள் எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகின்றன என்பது வேறு செய்தி. என் கவலை, இவற்றின் கண்ணில் படாமலே நடக்கும் கொடுக்கல் வாங்கல் பற்றியது. "எங்கள் வீட்டு லாப்ரடாருக்கும் உங்கள் வீட்டு லாப்ரடாருக்கும் இணை சேர்க்கலாமா?" என்று ஒருவர் கேட்கிறார். இரண்டு மாதம் கழித்து ஆறு குட்டிகள். அவற்றைக் கொடுத்துத் தீர்க்க வேண்டுமென்ற அவசரத்தில் நாற்பது நாளுக்குள்ளேயே தாயிடமிருந்து பிரித்து, புதுமனை புகுவிழாவுக்கும் பிறந்தநாளுக்கும் பரிசாக அனுப்புகிறார்கள். வாங்குபவருக்கு அடுக்ககத்தில் இடமுண்டா, கைக்குழந்தை உண்டா, பகலில் வீட்டில் ஆளுண்டா என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் நட்புக்கு இழுக்கு.

இதில் ஓர் இடைவெளி ஒளிந்திருக்கிறது. குட்டிக்கு ரேபீஸ் தடுப்பூசி மூன்று மாத வயதில்தான் முதலில் போடப்படுகிறது. பின்னர் கால்நடை மருத்துவர் குறிக்கும் நாளில் ஊக்க ஊசியும், அதன்பின் ஆண்டுதோறும் ஓர் ஊசியும் தேவை. நாற்பது நாளில் கைமாறும் குட்டிக்கு இன்னும் ஏழு வாரம் எந்தக் காப்பும் இல்லை. தாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தால் அதன் பாலின் வழியே ஓரளவு எதிர்ப்பாற்றல் கிட்டியிருக்கும், போடாத வீட்டில் அதுவுமில்லை. அந்த ஏழு வாரமும் குட்டியைத் தெருநாய் அண்டாத இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதைக் கொடுப்பவர் சொல்வதில்லை. அவருக்கே தெரியாது.

"பெட்டை நாய் ஒருமுறையாவது குட்டி போட்டால்தான் அதன் உடலுக்கு நல்லது" என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவுமில்லை. கருத்தடை செய்யாத பெட்டைகளுக்கே வயதான காலத்தில் கருப்பையில் சீழ் கோக்கும் நோயும் மார்புக் கட்டிகளும் மிகுதி. எல்லோருக்கும் கொடுத்தும் மிஞ்சிய குட்டிகள் என்னாகின்றன என்பதை நம் ஊர்ச் சந்தைகளின் பின்புறத்திலும் புறவழிச்சாலை ஓரங்களிலும் காணலாம். இனநாயின் சாயலில், நீண்ட காதும் பழுப்பு மயிருமாகத் திரியும் தெருநாய்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல.

நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்ப்பதால் நாய்க்கு வரும் கேடுகள் என் துறையைச் சேர்ந்தவை அல்ல என்றாலும் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. தூய வெண்ணிறத்துக்காகவே போற்றப்படும் நம் இராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு காணப்படுகிறது. காது கேளாத நாய், பின்னாலிருந்து தொடும் குழந்தையைத் திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும். அந்நாயைக் குறை கூறி என்ன பயன்?

நானும் குற்றமற்றவன் அல்லன். மருத்துவராகவே உள்ள என் நண்பர் ஒருவர் வீட்டு நாய் ஆண்டுதோறும் குட்டி போடும். அவ்வீட்டில் தேநீர் அருந்தியபடி, காலைச் சுற்றி ஓடும் குட்டிகளை எத்தனையோ முறை தூக்கியிருக்கிறேன். ஒருமுறையும் தடுப்பூசி அட்டையைக் கேட்டதில்லை. எனக்கும் ஒரு குட்டி தருவதாகச் சொன்னபோது, வீட்டில் இடமில்லை என்று நழுவினேனே தவிர, உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. மேலே கூறிய மரணத்துக்குப் பிறகுதான் கேட்டேன். அவர் முகம் சற்று மாறியது. அட்டையை எடுத்துவந்தார். அதிலிருந்த கடைசித் தேதி மூன்றாண்டு பழையது. அடுத்த வாரமே நாய்க்கு ஊசி போட்டு, சில மாதங்களில் கருத்தடையும் செய்துவிட்டார். எங்கள் நட்புக்கு எதுவும் நேர்ந்துவிடவில்லை.

கடிபட்டால்

முதலில் காயத்தைக் குழாய் நீரில், சோப்பிட்டு, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவுங்கள். இது சடங்கு அன்று, சோப்பு வைரஸின் மேலுறையையே சிதைக்கிறது. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். தையல் போடுவதை இயன்றவரை நாங்களே தள்ளிவைக்கிறோம்.

பின்னர் மருத்துவமனைக்கு வாருங்கள், அன்றே. நாய் வெறும் தோலை நக்கியிருந்தால் ஊசி தேவையில்லை. இரத்தம் வராத கீறல், மெல்லிய கவ்வல் என்றால் தடுப்பூசி வேண்டும். தோல் கிழிந்து இரத்தம் வந்தாலோ, திறந்த புண்ணையோ வாயையோ கண்ணையோ நக்கியிருந்தாலோ தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரதத்தையும் காயத்துக்குள்ளேயே செலுத்த வேண்டும். தடுப்பூசியால் உடல் எதிர்ப்பாற்றலை உண்டாக்க நாள் பிடிக்கும், அதுவரை காவல் காப்பது இதுவே. வலிக்கும் என்று இதை மட்டும் வேண்டாமென்பவர்கள் உண்டு. வேண்டாமென்னாதீர்கள். தோலினுள் இடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாள்களிலும், தசையில் இடும் முறையில் 0, 3, 7, 14, 28ஆம் நாள்களிலும் ஊசி போடப்படும். தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசிகள் வழக்கொழிந்து இருபதாண்டு ஆகிறது, இப்போது கையில்தான் போடுகிறோம், சிறு குழந்தைகளுக்குத் தொடையில். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி இலவசமாகவே கிடைக்கிறது.

கடித்த நாயைக் கொல்லாதீர்கள், துரத்தியும் விடாதீர்கள். பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். பத்து நாளும் அது நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் உமிழ்நீரில் வைரஸ் இல்லை என்று கொள்ளலாம், மீதித் தவணைகள் பற்றி மருத்துவர் அப்போது முடிவு செய்வார். ஆயினும் அந்தப் பத்து நாளுக்காகச் சிகிச்சையை ஒத்திவைக்கலாகாது. இங்குதான் நாயின் உரிமையாளராகிய நண்பரின் நேர்மை தேவைப்படுகிறது. நாய் இறந்தாலோ, காணாமற்போனாலோ, உணவை மறுத்தாலோ, அன்றே கடிபட்டவருக்குச் சொல்ல வேண்டும். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று அவர் உறுதி கூறினாலும் மருத்துவரைக் காண்பதைத் தவிர்க்காதீர்கள்.

இம்மடலைப் படிப்போரில் பலர் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள், நெடுநாளாக ஸ்டீராய்டு உண்பவர்கள். உங்கள் உடல் தடுப்பூசிக்கு மற்றவர் உடலைப்போல் முழுமையாக விடையளிக்காது. ஆகவே சிறு கீறலாயினும் உங்களுக்கு இம்யூனோகுளோபுலினும் தருகிறோம், தசையில் இடும் ஐந்து தவணை முறையையே தேர்கிறோம். கடிபட்டதும் நீங்கள் உண்ணும் மருந்துகளின் சீட்டைக் கொண்டுவாருங்கள். மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை: நாயின் வாயில் இயல்பாகவே வாழும் சில பாக்டீரியாக்கள் உங்கள் இரத்தத்தில் புகுந்தால் ஓரிரு நாளில் உயிராபத்தை விளைவிக்கக்கூடும். கடிபட்ட உடனே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் காலில் பட்ட கடியை நாள்தோறும் பார்த்துவர வேண்டும்.

கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இத்தடுப்பூசியால் தீங்கில்லை. பத்தியம் ஏதுமில்லை, மீனும் கோழியும் உண்ணலாம். முன்பே முழுத் தவணையும் போட்டுக்கொண்டவர் மீண்டும் கடிபட்டால் 0, 3ஆம் நாள்களில் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டியதில்லை. அதற்காகவே பழைய ஊசி அட்டையைப் பத்திரப்படுத்தச் சொல்கிறோம். வீட்டு நாயின் அட்டையையும் அதே உறையில் போட்டுவையுங்கள்.