பேட்டரி லைட்டுக்குச் சார்ஜ் கட்டைகள்

இரவில் நீர் பாய்ச்சச் செல்லும்போது வரப்பில் கிடக்கும் பாம்பைக் காட்டிக் கொடுப்பது கையிலுள்ள பேட்டரி லைட்டே. நாள்தோறும் பயன்படுத்துவோருக்கு அடிக்கடி கட்டை வாங்குவது வீண் செலவாகும். வீட்டிலுள்ள பழைய லைட்டையே மின்னேற்றம் (சார்ஜ்) செய்யக்கூடிய கட்டைகளுக்கு எளிதில் மாற்றிக் கொள்ளலாம்.

தேவையான பொருள்கள்

இரண்டு பெரிய கட்டை போடும் லைட்டுக்கு, 2000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பென்சில் கட்டைகள் 4, அவற்றைப் பெரிய கட்டையின் பருமனுக்குக் கொண்டுவரும் பிளாஸ்டிக் உறைகள் 2, இவ்வகைக் கட்டைகளுக்கான சார்ஜர் 1.

மாற்றும் முறை

1. லைட்டின் ஸ்பிரிங், பித்தளைத் தகடு ஆகியவற்றிலுள்ள களிம்பை உப்புக்காகிதத்தால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைக்கவும்.

2. பல்பைக் கவனிக்கவும். சாதாரணக் கட்டை 1.5 வோல்ட், சார்ஜ் கட்டை 1.2 வோல்ட். இரண்டு சேர்ந்தால் 2.4 வோல்ட். 2.5 வோல்ட் எனக் குறித்த இழை பல்புக்கு இது போதும். வெள்ளை எல்.இ.டி. எரியச் சுமார் 3 வோல்ட் தேவை. ஆதலால் எல்.இ.டி. லைட்டில் இக்கட்டைகளைப் போட்டு எரியவிட்டுப் பார்த்த பின்னரே வாங்கவும்.

3. கட்டைகளை உறையிலிட்டு, + முனை பல்பை நோக்கி இருக்குமாறு வைக்கவும்.

மின்னேற்றம்

200 மில்லி ஆம்பியர் தரும் சார்ஜரில் காலிக் கட்டை நிரம்பச் சுமார் 14 மணி நேரம் ஆகும். இடையில் மின்தடை ஏற்பட்டால், மின்சாரம் இருந்த நேரத்தை மட்டும் கணக்கிடவும். கட்டை வெதுவெதுப்பாக இருக்கலாம். கை பொறுக்காத சூடு கண்டால் உடனே எடுத்துவிடவும்.

முக்கியக் கவனம்

2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பு இக்கட்டைகளில் சுமார் 6 மணி நேரம் எரியும். சாதாரணக் கட்டை தீரும்போது வெளிச்சம் பல நாள் மஞ்சளித்து நம்மை எச்சரிக்கும். சார்ஜ் கட்டையோ கடைசி வரை ஒரே சீராக எரிந்து, சில நிமிடங்களில் மங்கி அணைந்துவிடும். நடுக்காட்டில் இது ஆபத்து. அதனால்தான் 4 கட்டைகள் வாங்கச் சொன்னோம். ஒரு சோடி லைட்டிலும், மின்னேற்றிய மறுசோடி மடியிலும் இருக்கட்டும். எரிந்த நேரம் 5 மணியை எட்டியதும் சோடியை மாற்றிவிடவும். அலமாரியில் கிடக்கும் கட்டையிலும் மின்சாரம் தானே குறையும். மாதக்கணக்கில் வைத்திருந்ததை மீண்டும் மின்னேற்றாமல் எடுத்துச் செல்லலாகாது.

செய்யக் கூடாதவை

• சாதாரணக் கட்டையைச் சார்ஜரில் வைத்தல்; கசியும் அல்லது வெடிக்கும்.
• பழையதையும் புதியதையும் கலந்து போடுதல்.
• 3.7 வோல்ட் லித்தியம் கட்டையைப் போடுதல், பல்பு கருகிவிடும்.
• தீர்ந்த கட்டையை எருக்குழியிலோ வாய்க்காலிலோ எறிதல்.

சிக்கனக் கணக்கு

கட்டைகள், உறைகள், சார்ஜர் ஆகியவற்றின் மொத்த விலை 20 சோடி சாதாரணக் கட்டைகளின் விலைக்குச் சமம் எனக் கொள்வோம். மாதம் 2 சோடி வாங்குபவருக்கு 10 மாதத்தில் முதல் திரும்பிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு சோடி மட்டும் வாங்குபவருக்கோ 40 மாதம் ஆகும். அவர் பழைய முறையிலேயே இருப்பது நன்று. உங்கள் வீட்டுச் செலவைக் கணக்கிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.