பொறுப்பாளர்களுக்கு ஒரு பாடம்: மஷ்வராவும் தவக்குலும்

பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் எவரும் ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159-ஆம் ஆயத்தை அடிக்கடி ஓதிப் பார்க்க வேண்டும். தோழர்களிடம் மென்மை காட்டுவது, அவர்களை மன்னிப்பது, காரியங்களில் அவர்களுடன் மஷ்வரா செய்வது, உறுதி கொண்டபின் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைப்பது என்று அதில் ஒரு வரிசை இருக்கிறது. தவக்குல் கடைசியில் வருகிறது. நாமோ அதை முதலில் வைத்துவிட்டு மற்றவற்றை மறந்து விடுகிறோம்.

இந்த ஆயத் ஹிஜ்ரி 3-இல் நடந்த உஹது யுத்தத்தை ஒட்டி இறங்கியது. மதீனாவுக்குள் இருந்தே எதிர்ப்பதா, வெளியே செல்வதா என்று நாயகம் (ஸல்) அவர்கள் மஷ்வரா செய்து, தம் விருப்பத்துக்கு மாறான கருத்தையே ஏற்றுப் புறப்பட்டார்கள். ஒரு குன்றின் மீது 50 வில்வீரர்களை நிறுத்தி, வென்றாலும் தோற்றாலும் இடம் பெயரக் கூடாது என்று கட்டளையிட்டார்கள். வெற்றி தெரிந்ததும், கனீமத் பொருளைக் கண்ட பெரும்பாலோர் கீழே இறங்கி விட்டனர். அவர்களின் தலைவர் அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) அவர்கள் சிலரோடு அங்கேயே நின்று ஷஹீதானார்கள். அன்று 70 ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள்.

வெளியே செல்வதா என்பது மஷ்வராவுக்குரிய விஷயம். குன்றை விட்டு இறங்கலாமா என்பது முடிந்துபோன கட்டளை. வில்வீரர்கள் செய்த பிழை, முடிந்துபோன கட்டளையைப் பேச்சுக்கு எடுத்ததுதான்.

இதை நம் விருதுநகர் மாவட்டத்தில் பொருத்திப் பார்ப்போம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு ஆலைகளில் போர்மேன் என்பவர் அந்தக் குன்றின் தலைவரைப் போன்றவர். ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று விதி உண்டு. கலந்த மருந்து மிஞ்சினால் மறுநாளுக்கு வைக்கக் கூடாது. தீபாவளி ஆர்டர் நெருங்கும் மாலையில் மருந்து மிஞ்சுகிறது. அழித்தால் நஷ்டம், முதலாளியின் கோபம். அந்த நேரத்தில் கனீமத் கண்ணில் படுகிறது. இறங்குவதா, நிற்பதா?

2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் முதல் சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள். ஒரு பொறுப்பாளரின் பிழை அவருடைய அறைச் சுவரோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

"மவ்த்து எழுதியபடிதானே வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஹிஜ்ரி 18-இல் உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குச் செல்லும் வழியில் ஸர்கு என்னும் இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்தார்கள். முஹாஜிர்களையும் அன்ஸார்களையும் குறைஷிப் பெரியவர்களையும் தனித்தனியே அழைத்துக் கேட்டுவிட்டு, திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். ஆபத்தை விட்டு விலகுவது தவக்குலுக்கு முரணல்ல.

இதிலிருந்து பொறுப்பாளர்கள் கொள்ள வேண்டியவை மூன்று:

ஒன்று, வேலையை எப்படிப் பிரிப்பது, எதை முதலில் முடிப்பது போன்றவற்றில் வேலையாட்களைக் கேட்க வேண்டும். மருந்தில் கை வைப்பவருக்கே அதன் சூடு முதலில் தெரியும்.

இரண்டு, உயிரைக் காக்கும் வரம்பில் மஷ்வராவும் இல்லை, பேரமும் இல்லை. முதலாளியே சொன்னாலும், பிறருக்குத் தீங்காகும் காரியத்தில் கீழ்ப்படிதல் கிடையாது.

மூன்று, கடுமை கூடாது. நாயகம் (ஸல்) அவர்களே கடுகடுத்தவராக இருந்திருந்தால் தோழர்கள் கலைந்து போயிருப்பார்கள் என்று அதே ஆயத் அறிவிக்கிறது. ஏச்சுக்கு அஞ்சும் வேலையாள், கீழே சிந்திய மருந்தைச் சொல்லாமல் மறைத்து விடுவான்.

ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவோம். காலையில் வேலைக்கு வந்தவர் மாலையில் தம் பிள்ளைகளிடம் திரும்பிச் செல்வதும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்தே. அதைப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.